கிளட்ச் பிளேட்டின் ஆயுள்: விரட்டி ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பைக் ஓட்டுபவர்களிடம் கிளட்ச் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான வியப்பைக் கேட்கலாம். "நான் நாற்பதைத் தாண்டியதே இல்லை, எனக்கு எப்படிப் பிளேட் போயிற்று?" என்பார் ஒருவர். "வண்டியைச் சக்கையாகப் பிழிந்து ஓட்டுகிறேன், இன்னும் பழைய பிளேட்டே ஓடுகிறது" என்பார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை. கிளட்ச் எப்போது தேய்கிறது, எப்போது தேயாமல் சும்மா சுழல்கிறது என்பது தெரிந்தால் இரண்டு கதையும் ஒன்றாகப் பொருந்திவிடும்.

கிளட்ச் எந்த நேரத்தில் தேய்கிறது?

பெரும்பாலான பைக்குகளில் இருப்பது எண்ணெயில் ஊறிய, பல தட்டுகள் கொண்ட கிளட்ச். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் ஸ்டீல் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். மெக்கானிக்குகள் முதல் வகையை இன்றும் 'கார்க் பிளேட்' என்றுதான் சொல்கிறார்கள். கார்க் பரவலாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. உராய்வு பிளேட்டின் காதுகள் வெளிக்கூடையில் மாட்டியிருக்கும், கூடை இன்ஜினோடு சுழலும். ஸ்டீல் பிளேட்டின் பற்கள் நடுவில் உள்ள ஹப்பில் மாட்டியிருக்கும், ஹப் கியர்பாக்ஸோடு சுழலும். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. லீவரை இழுத்தால் அழுத்தம் விலகி இரண்டு கூட்டமும் தனித்தனியாகச் சுற்றும்.

லீவரை முழுதாக விட்டபின் எல்லாத் தட்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று உரசுவதே இல்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. நீங்கள் 60 கி.மீ. வேகத்தில் போனாலும் 160 கி.மீ. வேகத்தில் போனாலும் கிளட்சுக்கு அது ஓய்வு நேரம்தான். லீவர் பாதியில் நிற்கும்போது, ஒரு கூட்டம் வேகமாகவும் இன்னொரு கூட்டம் மெதுவாகவும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வழுக்கும் அந்த அரைக் கிளட்ச் நேரத்தில்தான் சூடும் தேய்மானமும் பிறக்கின்றன.

நாற்பதைத் தாண்டாதவருக்குப் பிளேட் போன மர்மம் இதோடு தீர்ந்தது. நெரிசலில் இரண்டாம் கியரிலேயே கிடந்து, நிமிடக்கணக்கில் லீவரைப் பாதியில் பிடித்து ஊர்ந்திருப்பார்.

அப்படியென்றால் வேகமாக ஓட்டுவது கிளட்சைப் பாதிக்கவே பாதிக்காதா?

வேகம் பாதிக்காது. வேகத்தை அடையும் விதம் பாதிக்கும். சீறிக் கிளம்புவது, ஆக்சிலரேட்டரைக் குறைக்காமல் கியர் ஏற்றுவது, கியரை மடமடவென்று குறைத்துக் கிளட்சை உதறுவது, முன்சக்கரத்தைத் தூக்குவது ஆகிய எல்லாவற்றிலும் கிளட்ச் வழுக்க நேர்கிறது. ஒவ்வொன்றும் ஒரே அளவு கெடுதல் என்று நினைத்துவிடக் கூடாது, வேறுபாடு மிகப் பெரியது. தனித்தனியாகப் பார்ப்போம்.

சிக்னலில் இருந்து சீறிக் கிளம்பினால் என்ன ஆகும்?

இங்கே ஒரு சின்னக் கணக்கு பயன்படும். இன்ஜின் சுற்றை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு, லீவரைச் சீராக விட்டுக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் கணத்தில் வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் சேர்ந்திருக்கிறதோ, ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் பிளேட்டுகளில் சூடாக இறங்கியிருக்கும். பாதி உங்களுக்கு, பாதி கிளட்சுக்கு.

வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ. மென்மையாகக் கிளம்பும்போது 15 கி.மீ. வேகத்தில் கிளட்ச் பிடித்துவிடுகிறது. சூடு சுமார் 1,700 ஜூல். அதே வண்டியை உச்சச் சுற்றில் உறுமவிட்டு, 45 கி.மீ. வேகம் வரும்வரை வழுக்கவிட்டுக் கிளம்பினால் சுமார் 15,600 ஜூல். வேகம் மூன்று மடங்கு, சூடு ஒன்பது மடங்கு. ஒரு முறை சீறுவதும் ஒன்பது முறை ஒழுங்காகக் கிளம்புவதும் கணக்கில் சமம். நடைமுறையில் சீறுவது இன்னும் மோசம். ஒன்பது முறையில் இடையிடையே எண்ணெய் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். சீறலில் எல்லாம் ஓரிரு வினாடிகளில் மெல்லிய ஸ்டீல் தகடுகளுக்குள் புகுந்துவிடுகிறது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. பின்னால் ஓர் ஆள் ஏறி எடை 250 கிலோ ஆனால் சூடு கால் பங்குதான் கூடும். ஆனால் இரண்டாம் கியரில் கிளம்பினால், முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் விகிதம் ஒன்றரை என்றால், அதே இன்ஜின் சுற்றுக்குச் சூடு இரண்டேகால் மடங்கு. நண்பரை ஏற்றிக்கொள்ளத் தயங்குபவர்கள் பலர் இரண்டாம் கியரில் கிளம்புவதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை.

மேட்டில் பிரேக் பிடிக்காமல், கிளட்சிலேயே வண்டியை நிறுத்தி வைக்கிறேன். தவறா?

பெரிய தவறு. பைக்கில் செய்யக்கூடிய தவறுகளில் சத்தமே இல்லாத தவறு இது. 100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏறும் மேட்டில் அதே 200 கிலோ வண்டியை, முதல் கியரில் சுமார் 20 கி.மீ. வேகம் தரும் அளவுக்கு இன்ஜினைச் சுழலவிட்டு அரைக் கிளட்சில் நிறுத்துகிறீர்கள். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. நகராததால், கிளட்சுக்குள் போகும் திறன் முழுவதும் சூடாகத்தான் மாறியாக வேண்டும். அது 1,000 வாட்டுக்குச் சற்று மேலே வரும். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றை இன்ஜின் கவருக்குள் செருகிவைத்தது போல.

நானும் செய்திருக்கிறேன். சாமான் மூட்டையும் பின்னால் நண்பருமாக ஒரு நீண்ட ஏற்றம். முன்னே லாரிகள் நகர்வதும் நிற்பதுமாக இருந்தன. காலை ஊன்றிப் பின்பிரேக் பிடிக்கச் சோம்பல்பட்டு, அரைமணி நேரம் கிளட்சாலேயே சமாளித்தேன். முதலில் லீவர் பிடிக்கும் இடம் மாறியது. வழக்கமாகப் பாதியில் பிடிப்பது கடைசி நுனிக்கு வந்தது. பிறகு காலுக்கருகிலிருந்து கருகிய நாற்றம், பழைய காகிதத்தை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தியது போல. அப்போதும் நிறுத்தவில்லை. வீடு வந்து கவரைக் கழற்றியபோது ஸ்டீல் பிளேட்டுகளில் மயில் கழுத்து நீலம் ஓடியிருந்தது. உராய்வு பிளேட்டின் சொரசொரப்பு போய், விரல் வைத்தால் பளிங்காக வழுக்கியது. ஒரு மதியத்தின் சோம்பல்.

கருகிய நாற்றம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுக் குறைந்தது கால்மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிறகு கிளம்பும்போது முதல் கியர், குறைந்த சுற்று, லீவரைத் தாமதிக்காமல் விடுவது. ஒரே ஒரு முறை நாற்றம் வந்து, ஆறியபின் பிடிப்பு பழையபடி திரும்பிவிட்டால் பிளேட் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எண்ணெயை மாற்றிவிடுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. கருகிய பிளேட்டின் தூள் அதே எண்ணெயோடு இன்ஜின் முழுக்கச் சுற்றும்.

வழுக்கவிடாமல் லீவரைச் சட்டென்று விட்டுவிட்டால் தேய்மானம் குறையும் அல்லவா?

பிளேட்டின் தேய்மானம் குறையும், உண்மைதான். அடி வேறு இடத்தில் விழும். உயர்ந்த சுற்றில் லீவரை உதறினால், சுழன்றுகொண்டிருக்கும் இன்ஜினின் வேகம் முழுவதும் ஒரே அடியாகக் கூடை, கியர் பற்கள், செயின், பின்சக்கரத்து ரப்பர்கள் என்று வரிசையாக மோதும். அலுமினியக் கூடையின் விரல்களில் பிளேட்டின் காதுகள் உளிபோல் கொத்திக் கொத்திப் பள்ளம் போடும். பள்ளம் ஆழமானதும் பிளேட்டுகள் அதில் சிக்கிக்கொண்டு நழுவ மறுக்கும். லீவரை விடும்போது வண்டி விக்கிவிக்கி நகரும். நியூட்ரல் விழாமல் உயிரை வாங்கும். புதுப் பிளேட் போட்ட பின்னும் உதறல் போகவில்லை என்று சொல்லும் வண்டிகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தப் பள்ளங்களைத்தான். லேசானவற்றை அரம் போட்டுச் சமன் செய்யலாம், ஆழமானால் கூடையையே மாற்ற வேண்டும்.

நல்ல ஓட்டுநர் நடுவழியில் போகிறார்: குறைந்த சுற்று, குறுகிய வழுக்கல், லீவரை முழுதாக விட்ட பிறகே ஆக்சிலரேட்டரைத் திருகுவது. கிளட்ச் பிடித்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் முறுக்குங்கள், பிளேட்டுக்கு வலிக்காது.

முன்சக்கரம் தூக்குவது, நின்ற இடத்தில் டயரைப் புகையவிடுவது?

கிளட்சை உதறிச் சக்கரம் தூக்கும் ஒவ்வொரு முறையும் சூடும் அடியும் சேர்ந்தே விழுகின்றன. டயர் புகைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு: சக்கரம் சுழலத் தொடங்கி, லீவரையும் முழுதாக விட்டுவிட்டால் அதன்பின் கிளட்சுக்கு வேலை குறைவு, டயருக்கும் இன்ஜின் சூட்டுக்கும்தான் கேடு. தொடங்கும் நேரத்தில்தான் பிளேட் வேகும். சாகசம் காட்டுபவர்களின் வண்டியில் பிளேட்டைச் செலவுப் பொருளாகத்தான் கருதுவார்கள். தினமும் வேலைக்குப் போகும் வண்டியில் செய்தால் அந்தக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

பாறை ஏறும் டிரயல்ஸ் ஓட்டுநர்கள் எந்நேரமும் அரைக் கிளட்சில்தானே இருக்கிறார்கள்? அவர்களுக்கு ஏன் போவதில்லை?

நல்ல கேள்வி. அவர்களது வண்டி மிகவும் இலகு. முதல் கியரின் விகிதம் மிகத் தாழ்வு, ஆகவே மனிதன் நடக்கும் வேகத்திலேயே கிளட்ச் முழுதாகப் பிடித்துவிடுகிறது. மேலே சொன்ன கணக்கின்படி அவர்களது ஒவ்வொரு வழுக்கலும் சிறியது, குறுகியது, இடையில் எண்ணெய்க்குக் குளிர்விக்க நேரம் கிடைக்கிறது. மெதுவேகப் பயிற்சியில் அரைக் கிளட்சைப் பின்பிரேக்கோடு சேர்த்துப் பயன்படுத்தக் கற்றுத்தருவதும் இதனால்தான் ஆபத்தில்லை: சுற்று தாழ்வாகவே இருக்கும். ஆகவே அரைக் கிளட்ச் என்றாலே பாவம் என்று அஞ்ச வேண்டாம். அது இருப்பதே பயன்படுத்தத்தான். எவ்வளவு சுற்றில், எவ்வளவு பாரத்தோடு, எவ்வளவு நேரம் என்பதைப் பாருங்கள்.

கிளட்ச் லீவரை இழுக்காமல் கியர் ஏற்றினால்?

கிளட்சுக்கு நன்மையே; அது அந்த நேரத்தில் வழுக்குவதே இல்லை. கியர்பாக்ஸின் பூட்டுப் பற்கள்தான் விலை கொடுக்கும். ஆக்சிலரேட்டரை ஒரு கணம் தளர்த்தி, பாரம் நீங்கிய அந்த நொடியில் கியர் விழுந்தால் பெரிய கேடில்லை. குயிக்‌ஷிஃப்டர் என்ற கருவியும் அதைத்தான் செய்கிறது: இன்ஜினின் விசையைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கு வெட்டிவிடுகிறது. தளர்த்தாமல் காலால் மிதித்துத் திணித்தால் பற்களின் முனை மழுங்கும். பிறகு பாரத்தில் கியர் நழுவி வெளியே வரும்.

வளைவுக்கு முன் கியரை மடமடவென்று குறைப்பது கிளட்சைத் தேய்க்குமா?

சுற்றைச் சரிசெய்யாமல் குறைத்தால் தேய்க்கும். கியர் குறைந்ததும் இன்ஜின் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அந்த வேகத்துக்கு அதை இழுத்துக்கொண்டு வரும் வேலை கிளட்சின் தலையில் விழுகிறது. கூடவே பின்சக்கரம் துள்ளும். லீவர் உள்ளே இருக்கும்போதே ஆக்சிலரேட்டரை ஒரு சிமிட்டு சிமிட்டி இன்ஜின் சுற்றை உயர்த்தி விட்டால், இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் சந்திக்கும். தேய்மானம் மிகக் குறைவு. இது கைவந்த ஓட்டுநருக்கும் வராத ஓட்டுநருக்கும் பிளேட்டின் ஆயுளில் நல்ல வித்தியாசம் தெரியும்.

ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டிகளில் சரிவுப் படிகள் உண்டு. சக்கரம் இன்ஜினைத் தள்ளும் திசையில் விசை கூடினால் அந்தச் சரிவுகள், தட்டு அடுக்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைச் சற்றே விலக்கி வழுக்கவிடும். 'அசிஸ்ட்' என்றும் சேர்த்துச் சொல்லப்படும் வகையில், எதிர்த் திசையில் அதே போன்ற சரிவுகள் பிளேட்டை இறுக்குகின்றன. அதனால் மெல்லிய ஸ்பிரிங்குகளே போதும், லீவர் பூப்போல இருக்கும். ஆனால் ஸ்லிப்பர் இருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு கியரை உதைத்தால், அது ஒவ்வொரு முறையும் வழுக்கத்தான் செய்யும். வழுக்கினால் தேயும்.

எண்ணெய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. உராய்வுப் பரப்பு முழுவதும் எண்ணெயில் நனைந்திருக்கிறது. அந்த எண்ணெய் குளிர்விக்கவும் வேண்டும், பிடிப்பைக் கெடுக்கவும் கூடாது. கார்களுக்கான எரிபொருள் சிக்கன எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். காருக்கு அது வரம், ஈரக் கிளட்சுக்கு அது வழுக்குமரம். இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ டி 903 என்ற தரம் வந்தது. டப்பாவின் முதுகில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் ஈரக் கிளட்சுக்கு ஏற்றது; எம்ஏ2 பிடிப்பு கூடிய வகை. எம்பி என்பது உராய்வு குறைந்தது, என்ஜின் எண்ணெயில் கிளட்ச் நனையாத ஸ்கூட்டர்களுக்கானது.

அளவும் முக்கியம். எண்ணெய் குறைந்தால் சூட்டை அள்ளிச் செல்ல ஆள் குறைகிறது.

உலர் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறதே, அது உறுதியானதா?

அதில் எண்ணெயின் இழுவை இல்லை, பிடிப்பு கூர்மை, தூள் எண்ணெயில் கலப்பதும் இல்லை. பந்தய வண்டிகளில் விரும்பப்படுவது அதனால்தான். ஆனால் சூட்டை அள்ள எண்ணெய் இல்லாததால் அரைக் கிளட்சில் ஊர்வதை அது மன்னிக்காது. பழைய டுகாட்டிகள் சிக்னலில் பாத்திரக் கடைபோல் கலகலவென்று ஒலித்ததை ரசித்தவர்கள் உண்டு. அந்த நிறுவனமே 2012இன் 1199 பனிகாலேயில் ஈரக் கிளட்சுக்கு மாறியது. பிஎம்டபிள்யூவும் 2013இன் ஆர் 1200 ஜிஎஸ் வண்டியில் நெடுங்காலத்து ஒற்றைத் தட்டு உலர் கிளட்சைக் கைவிட்டது.

கிளட்ச் போகிறது என்று எப்படி அறிவது?

காலியான நேர்சாலையில், நடுத்தர வேகத்தில், மேல் கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகுங்கள். இன்ஜின் சுற்றும் வண்டியின் வேகமும் கைகோத்து ஏற வேண்டும். சுற்று மட்டும் சட்டென்று எகிறி, வேகம் சோம்பலாகப் பின்தொடர்ந்தால் வழுக்குகிறது. வழுக்கல் முதலில் மேல் கியரிலும், ஏற்றத்திலும், வண்டி நன்றாகச் சூடானபின்னும்தான் தலைகாட்டும். முதல் கியரில் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் மிகவும் தாமதம்.

இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. லீவரை முழுதாக இழுத்தும் வண்டி முன்னே ஊர்கிறது, நியூட்ரல் விழவில்லை என்றால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. லீவரில் பிளே (கிளட்ச் விலகத் தொடங்கும்வரை லீவர் சும்மா ஆடும் தூரம்) அதிகம், கோணிய ஸ்டீல் பிளேட், கூடையில் பள்ளம் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் முதல் கியர் 'டக்' என்று விழுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குளிர்ந்த எண்ணெயில் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்வது.

லீவரில் பிளே எவ்வளவு இருக்க வேண்டும்?

கேபிள் வண்டிகளில் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்பது வழக்கமான அளவு. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. பிளேட் தேயத் தேய பிளே குறைந்துகொண்டே வரும். பலர் நினைப்பதற்கு நேர்எதிர் இது. பிளே பூச்சியமானால், நீங்கள் லீவரைத் தொடாமலே கிளட்ச் எந்நேரமும் கொஞ்சம் அழுத்தப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கின் முழு பலம் பிளேட்டுக்குப் போய்ச் சேராது. நல்ல பிளேட்டையும் சீக்கிரமே கருக்க இது போதும். லீவரின் மேல் எப்போதும் இரண்டு விரலைப் போட்டு வைப்பவர்களும் தங்களை அறியாமல் இதையே செய்கிறார்கள். ஹைட்ராலிக் கிளட்ச் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும். அதில் திரவத்தின் நிறத்தைக் கவனியுங்கள்.

கவரைக் கழற்றினால் எதை அளக்க வேண்டும்?

உராய்வு பிளேட்டின் தடிமனை வெர்னியரால் நாலைந்து இடத்தில் அளக்க வேண்டும். பல வண்டிகளில் புதியது 3 மி.மீ. அளவில் இருக்கும், 0.2 முதல் 0.4 மி.மீ. வரை குறைந்தாலே பெரும்பாலும் எல்லை வந்துவிடும். கிளட்சின் வாழ்நாள் முழுவதும் அந்த நகக்கீறல் அளவுக்குள்தான் அடங்கியிருக்கிறது. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடிப் பரப்பில் படுக்கவைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். 0.1 முதல் 0.3 மி.மீ.க்கு மேல் கோணல் என்றால் பொதுவாகக் கழித்துவிடுவார்கள். நீலம் ஓடியிருந்தால் நேராக இருந்தாலும் நான் மறுபடி போடமாட்டேன். ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளக்க வேண்டும். சூடுபட்ட ஸ்பிரிங் குறுகியிருக்கும், அதை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் மட்டும் போடுவது பாதி வேலை.

கடினமான ஸ்பிரிங், கெவ்லார், உலோகத்தூள் பிளேட் போட்டால் தீர்வா?

இன்ஜினின் விசையைக் கூட்டியிருந்தால் கடினமான ஸ்பிரிங்குக்கு நியாயம் உண்டு. தொழிற்சாலை நிலையில் உள்ள வண்டிக்கு அது கை வலியைத்தான் கூட்டும். கெவ்லார் என்னும் செயற்கை இழை கலந்த பிளேட் சூட்டைத் தாங்கும், பிடிக்கும் உணர்வு மாறும். உலோகத்தூளை வேகவைத்துச் செய்த பிளேட் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும், ஆனால் எதிரே உள்ள ஸ்டீல் பிளேட்டை வேகமாகத் தின்னும். நான் சாலை வண்டிக்குத் தொழிற்சாலைப் பிளேட்டையே போடுகிறேன்.

சரி, எத்தனை கிலோமீட்டர் என்றுதான் சொல்லுங்களேன்?

ஓர் எண்ணைச் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். ஒரே மாடல் வண்டி ஒருவரிடம் 15,000 கி.மீ.யில் பிளேட் கேட்கும், இன்னொருவரிடம் 80,000 கி.மீ. தாண்டியும் கேட்காது. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. ஓடும் வண்டி பத்துப் பதினைந்து முறை கிளட்ச் பிடிக்கும். நெரிசலில் அதே தூரத்துக்கு நூற்றுக்கணக்கான முறை. தூரத்தை எண்ணுவதைவிட, மாதம் ஒருமுறை லீவரின் பிளேயைப் பார்த்து, அதைச் சரிசெய்யும் திருகில் இன்னும் எவ்வளவு மரை மீதமிருக்கிறது என்று கவனிப்பது உருப்படியான காரியம்.

புதுப் பிளேட் போட்டபின் பழக்க வேண்டுமா?

போடுவதற்கு முன்பே தொடங்குங்கள்: உராய்வு பிளேட்டுகளைப் புதிய இன்ஜின் எண்ணெயில் சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, ஊறவையுங்கள். காய்ந்த பிளேட் முதல் சில வழுக்கல்களிலேயே பளிங்காகிவிடக்கூடும். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்குநெடுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அவை சிறியவை, வேகப்பட்டால் ஹப்பின் தூண் உடையும். முதல் 200, 300 கி.மீ. வரை சீறலும் உதறலும் வேண்டாம். அதற்குள் பிளேட்டுகள் ஒன்றோடொன்று படிந்து பிளே மாறியிருக்கும். அதை ஒருமுறை மீண்டும் சரிசெய்த பிறகு உங்கள் விருப்பம்போல் முறுக்குங்கள், லீவரை முழுதாக விட்டபின்.